வெள்ளைக் குமிழி எல்லாம் கொழுப்பு இல்லை: கலக்காயத்தைத் தகட்டில் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய நுணுக்குக்காட்டி இருக்கிறது. ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதைத் துணி போட்டு மூடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் விடவில்லை. மாலையானால் இரண்டு மூன்று பேர் நிலாவெளி பஸ்சில் வந்து இறங்கிவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே குறைதான். கலக்காயம், அதாவது கலம் காயப்படும்போது அதற்குள் நடப்பவை, என்ற அத்தியாயம் வரிவரியாக மனப்பாடமாக இருக்கும், தகட்டை (மெல்லிய இழைய வெட்டை ஒட்டிச் சாயமிட்ட கண்ணாடியை) வைத்து "என்ன தெரிகிறது?" என்று கேட்டால், "வெள்ளை வெள்ளையாகக் குமிழி தெரிகிறது, ரீச்சர்" என்பார்கள். என்ன குமிழி என்றால் மௌனம். அல்லது, மௌனத்தைவிட மோசமாக, "கொழுப்பு" என்ற அவசரப் பதில்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கில்தான் இதை எழுதுகிறேன். பாடப்புத்தக ஒழுங்கு வேறு. அது காரணங்களின் பட்டியலில் தொடங்கும்: ஒட்சிசன் குறைவு, நஞ்சு, கிருமி, சூடு, ஊட்டக்குறை, நிர்ப்பீடனக் கோளாறு, பரம்பரைக் குறை. அதை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

முதல் படி: வள்ளத்துக்குள் வரும் நீர்

திருக்கடலூர்க் கரையில் மர வள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். பலகை வள்ளம் என்றால் கொஞ்சம் நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் வள்ளம் மூழ்குவதில்லை. ஒருவர் ஓயாமல் இறைத்துக்கொண்டிருப்பதால் மிதக்கிறது. இறைப்பவர் சோர்ந்தால் அடித்தட்டில் நீர் ஏறும். சாமான் நனையும், வள்ளம் தாழும், வேகம் குறையும். ஆனாலும் பலகை முழுதாக இருக்கும் வரை அது வள்ளம்தான். அவருக்குச் சோறு கொடுத்துத் திரும்ப இறைக்க வைத்தால் கரை சேர்ந்துவிடும். பலகையே பிளந்தால் எத்தனை பேர் இறைத்தும் பயனில்லை.

கலமும் இப்படித்தான். கலமென்சவ்வில் இருக்கும் சோடியம் பம்பு, கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி.யில் ஒரு மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. (இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ. 1957இல் அவர் ஆராய்ந்தது நண்டின் கால் நரம்பை. 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. நண்டைக் கறியாக மட்டுமே பார்த்துப் பழகிய ஊரில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.) குருதி வரத்து தடைப்பட்டு ஒட்சிசன் குறைந்தால் கலத்தின் சக்திக்கூடங்களான இழைமணிகளில் ஏ.ரி.பி. உற்பத்தி விழுகிறது. பம்பு தளர்கிறது. சோடியம் உள்ளே தங்குகிறது. உப்பு இருக்கும் இடத்துக்கு நீர் தானாகப் போகும். கலம் வீங்குகிறது. வள்ளத்து உவமை இந்த இடத்தில் கொஞ்சம் பிசகும்: வள்ளத்துக்குள் நீர் நேராகவே வருகிறது, கலத்துக்குள் அது சோடியத்தைத் துரத்திக்கொண்டு வருகிறது.

அந்த ஒரு பற்றாக்குறையிலிருந்தே மற்றவையும் விளைகின்றன. ஒட்சிசன் இல்லாததால் கலம் தான் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோசனை எடுத்துக் காற்றின்றி எரிக்கிறது. கிளைக்கோசன் தீர்கிறது, லக்ரிக் அமிலம் சேர்கிறது, உள்ளே புளிக்கிறது, கருவில் நிறமூர்த்தப் பொருள் திரள்கிறது. கலத்துக்குள் இருக்கும் சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலை நீரால் விரிகிறது. அதில் ஒட்டியிருந்த, புரதம் செய்யும் இரைபோசோம்கள் கழன்று விழுகின்றன, புரதத் தொகுப்பு குறைகிறது. மேற்பரப்பில் கொப்புளம் போலச் சவ்வு புடைக்கிறது. இவை அனைத்தும் மீளக்கூடியவை. இந்தச் சங்கிலியை ஏ.ரி.பி.யில் தொடங்கி ஒரு தாளில் நீங்களாகவே அம்புக்குறி போட்டு வரையுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் வரைய முடிகிறவரை அடுத்த படிக்கு வர வேண்டாம்.

பலகை பிளக்கும் இடம் எது? நோயியலாளர்கள் இரண்டைச் சொல்வார்கள்: குருதி வரத்து திரும்பிய பிறகும் இழைமணிகள் வேலைக்குத் திரும்பாமல் போவது, சவ்வுகள் பெரும் சேதம் அடைவது. சவ்வு கிழிந்தால் உள்ளே இருந்த நொதியங்களும் மற்றப் புரதங்களும் குருதிக்கு வந்துவிடும். நெஞ்சுவலியோடு வருபவருக்கு ட்ரோப்போனின் என்ற இதயத்தசைப் புரதத்தைப் பார்ப்பதும், மஞ்சள் காமாலைக்காரருக்கு ஏ.எல்.ரி. என்ற ஈரல் நொதியத்தைப் பார்ப்பதும் இந்தக் கசிவைத்தான் அளக்கின்றன.

இரண்டாம் படி: கடிகாரத்தைக் கையில் வைத்திருங்கள்

புதியவர்கள் தவறவிடும் உண்மை ஒன்று உண்டு. கலம் முதலில் வேலையை நிறுத்தும், பிறகு சாகும், அதற்கும் பிறகுதான் தகட்டில் சாவு தெரியும். இதயத்தசையை எடுத்துக்கொள்ளுங்கள். குருதி நின்று ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அது சுருங்குவதை நிறுத்துகிறது. அப்போது அது சாகவில்லை. 20 முதல் 30 நிமிடம் கடந்த பிறகே மீள முடியாத எல்லைக்குப் போகிறது. சாதாரண நுணுக்குக்காட்டியில் அந்தச் சாவைக் காண 4 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆகவே திடீரென்று இறந்தவரின் இதயத் தகடு பார்வைக்கு நலமாக இருந்தால், இதயம் நலமாக இருந்தது என்று பொருள் கொள்ள முடியாது. தகட்டுக்குச் சாட்சி சொல்ல நேரம் போதவில்லை.

எல்லாக் கலமும் ஒரே அளவு தாங்காது. கன்னியாவில் ஏழு கிணறுகளும் அடுத்தடுத்து இருந்தும் ஒவ்வொன்றிலும் கையை விட்டால் ஒவ்வொரு சூடு, உடம்பும் அப்படித்தான். மூளை நரம்புக்கலம் 3 முதல் 5 நிமிடம் மட்டுமே தாங்கும். கைகால் தசை 2, 3 மணி நேரம் பொறுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கந்தளாய்ப் பக்கம் வயலில் கண்ணாடிவிரியன் கடித்தோ, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்தோ சிறுநீரகம் செயலிழந்து, சில கிழமைகளில் குணமாகி வீடு திரும்பியவர்களை நீங்கள் அறிந்திருக்கலாம். மூதூர்த் தம்பி ஒருவன் கேட்டான்: "ரீச்சர், சிறுநீரகம் திரும்பி வந்துவிட்டதே. அப்படியென்றால் அது மீளக்கூடிய காயம்தானே?" நல்ல கேள்வி. பதில், பெரும்பாலும் பாதி ஆம், பாதி இல்லை. வீங்கி மட்டும் இருந்த கலங்கள் உண்மையிலேயே மீண்டன. செத்த கலங்கள் மீளவில்லை. அவை சிறுநீரோடு கழுவப்பட்டுப் போய்விட்டன, பக்கத்தில் தப்பிய கலங்கள் பிரிந்து அந்த இடத்தை நிரப்பின. உறுப்பு மீள்வது வேறு, கலம் மீள்வது வேறு. நாம் "மீளக்கூடிய" என்று சொல்லும்போது தனிக் கலத்தைப் பற்றியே பேசுகிறோம்.

மூன்றாம் படி: தகட்டுக்கு முன்னால் போத்தலைப் பாருங்கள்

இதை ஏன் மூன்றாவதாக வைக்கிறேன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் பட்ட வெட்கத்தால்தான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் முன்னைய காலம். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து எதுவும் படகுப்பாதை ஏறித்தான் வர வேண்டும். ஓர் இடத்திலிருந்து சிறுநீரகத் துண்டு ஒன்று வந்தது. வாய் ஒடுங்கிய போத்தல், அதற்குள் திணித்த பெரிய துண்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் போமலின். சித்திரை வெயில். தகட்டைப் பார்த்தேன்: குழாய்க்கலங்கள் எல்லாம் வீங்கி, மங்கி, உள்ளே குமிழி குமிழியாக இருந்தன. புத்தகத்தில் படித்த நீர்ப்புடைப்பு (நீர் ஏறிக் கலம் வீங்குவது) அப்படியே கண்முன்னால் இருக்கிறது என்று துள்ளிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதில் இரத்தக்கலங்கள் எங்கே, பிள்ளை?" என்றார். நாளங்களுக்குள் சிவப்பணுக்களும் கரைந்து நிழல்களாக இருந்தன. நோயாளியின் சிறுநீரகத்தில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. போத்தலுக்குள் நடந்த அழுகலையே பார்த்தேன்.

உடம்பிலிருந்து எடுத்த இழையம் தன் நொதியங்களாலேயே தன்னைத் தின்னத் தொடங்கும். அதைத் தன்செரிப்பு என்போம். எங்கள் ஊர் வெப்பத்தில் அது இன்னும் வேகம். அதை நிறுத்துவது போமலின். 10 சதவீத நடுநிலைப் போமலின், இழையத்தின் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும். அது மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும். அதனால் துண்டின் தடிப்பு 3 முதல் 5 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். முழு உறுப்பை அப்படியே போட்டால் ஓரம் பதமாகும், நடு கெடும். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தாலோ பனிக்கட்டிப் படிகம் இழையத்தைக் குத்தி, கோணல் கோணலான ஓட்டைகளை விட்டுப் போகும்.

ஆகவே ஒரு பழக்கம்: "வீக்கம்" என்று எழுதும் முன் நாளத்துக்குள் சிவப்பணுக்களைத் தேடுங்கள். அவை வட்டமாகச் சிவந்திருந்தால் தகட்டை நம்பலாம். பழைய நோயியலில் மங்கல் வீக்கம் என்று ஒரு பெயர் அடிக்கடி வரும். ஜேர்மானியரான ருடோல்ப் விர்ச்சோ, நோய் என்பது கலத்தில் நடப்பது என்று 1858இல் விரிவுரைகளாகச் சொல்லி நோயியலையே திருப்பிப் போட்டவர், கையாண்ட பெயர் அது. அந்தப் பெயரில் விவரிக்கப்பட்டவற்றில் எத்தனை உண்மையில் தன்செரிப்போ என்ற ஐயம் பின்னாளில் வந்தது. விர்ச்சோவுக்கே சறுக்கக்கூடிய இடம் என்றால் எனக்குச் சறுக்கியதில் வியப்பில்லை என்று இப்போது என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

நான்காம் படி: எதை முதலில் பார்ப்பது

தகட்டை வைத்ததும் 40 மடங்கு பெரிதாக்கும் பொருள்வில்லைக்குத் தாவாதீர்கள். எல்லோரும் தாவுவார்கள். 4இல் வைத்து முழுத் துண்டையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள்: மாற்றம் எங்கும் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா, ஓரத்திலா, நடுவிலா? 10இல் அது உறுப்பின் எந்தப் பகுதி என்று பாருங்கள். ஈரல் என்றால் மையநாளத்தைச் சுற்றியா, குருதி வந்து நுழையும் வாயிற்பகுதியைச் சுற்றியா? குருதியோட்டத்தின் கடைசியில் இருப்பதால் மையநாளத்தைச் சுற்றிய கலங்களுக்கே முதலில் ஒட்சிசன் தட்டுப்படும். சிறுநீரகம் என்றால் முதலில் அடிபடுவது அண்மைக் குழாய்.

பிறகு 40. அங்கே போனதும் குழியவுருவை (கருவுக்கு வெளியே இருக்கும் பகுதியை) விட்டுவிட்டு நேரே கருவைப் பாருங்கள். ஹீமற்றொக்சிலின் சாயம் கருவை நீலமாக்கும், இயோசின் குழியவுருவை இளஞ்சிவப்பாக்கும். கரு வட்டமாக, உள்ளே நுண்மணிகள் தெரிய, ஓரம் தெளிவாக இருந்தால் கலம் உயிரோடு இருந்திருக்கிறது; நீங்கள் பார்ப்பது மீளக்கூடிய மாற்றமாக இருக்கலாம். கரு சுருங்கி மைத்துளி போல் கறுத்திருந்தால் அது பிக்னோசிஸ். உடைந்து தூளாகியிருந்தால் கரியோரெக்சிஸ். வெளுத்துக் கரைந்து போயிருந்தால் கரியோலைசிஸ். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால் மீளக்கூடியது என்ற சொல்லை மறந்துவிடுங்கள், அது பெரும்பாலும் நசிவு, எப்படியும் கலத்தின் சாவு.

ஐந்தாம் படி: வெள்ளைக் குமிழிக்குள் யார் இருந்தது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். இழையத்தை மெழுகில் பதிக்கும் முன் மதுசாரத்திலும் சைலீனிலும் ஊறவைக்கிறோம். அவை கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். ஆகவே தகட்டில் நீங்கள் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. கொழுப்புக் குடியிருந்த வெற்று வீட்டைப் பார்க்கிறீர்கள். நீர் இருந்த இடமும் வெறுமை. கிளைக்கோசன் இருந்த இடமும் பெரும்பாலும் வெறுமை. வீட்டின் சுவரைப் பார்த்துத்தான் குடியிருந்தவரை ஊகிக்க வேண்டும்.

கொழுப்பு தண்ணீரோடு சேராது. அதனால் குமிழி வட்டமாக, பேனாவால் வரைந்ததுபோல் கூரிய ஓரத்தோடு இருக்கும். சிறுதுளிகள் சேர்ந்து பெருந்துளியாகும்போது கருவை ஒரு மூலைக்குத் தள்ளும். கலம் கல் வைத்த மோதிரம் மாதிரி ஆகிவிடும். நீர்ப்புடைப்பில் குமிழி சிறிது, ஓரம் தெளிவில்லாதது, கரு நடுவிலேயே இருக்கும். குழியவுரு வெளிறிக் கஞ்சி போல் தெரியும். உடம்பில் பொற்றாசியம் நெடுநாள் குறைந்திருந்தால் மட்டும் சிறுநீரகக் குழாயில் பெரிய பெரிய நீர்க்குமிழிகளைக் காணலாம், அதில் ஏமாறாதீர்கள். கிளைக்கோசன் என்றால் குழியவுரு சிறகு சிறகாகக் கலைந்திருக்கும், கரு நடுவில்.

ஐயம் தீரவில்லையா? சிறப்புச் சாயம். கொழுப்புக்கு, மெழுகில் போடாமல் உறைய வைத்து வெட்டிய உறைவெட்டை எடுத்துச் சூடான் சாயமோ ஒயில் ரெட் ஓ சாயமோ இட்டால் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மின்னும். கிளைக்கோசனுக்குப் பி.ஏ.எஸ். சாயம், கருஞ்சிவப்பாகப் பிடிக்கும். அது கிளைக்கோசன்தானா என்று உறுதிசெய்ய நொதியம் இட்டுச் செரிக்க வைத்துவிட்டு மறுபடி சாயமிட வேண்டும். அந்த நொதியம் இல்லாத நாட்களில் ஆய்வுகூடங்களில் எச்சிலையே பயன்படுத்தினார்கள், எச்சிலில் அமிலேசு இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். இரண்டு சாயத்திலும் எதுவும் பிடிக்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது நீர்.

ஈரலில் கொழுப்பு ஏன் தேங்குகிறது? ஈரலை ஒரு களஞ்சியமாக நினைத்துக்கொள்ளுங்கள். உடம்புக் கொழுப்பிலிருந்தும் உணவிலிருந்தும் கொழுப்பமிலம் வருகிறது. ஈரல் அதை முக்கிளிசரைட்டாக்கி, புரதம் என்ற சாக்கில் கட்டிக் குருதிக்கு அனுப்புகிறது. வரவு மிஞ்சினால் தேங்கும்: நீரிழிவு, உடற்பருமன். சாக்கு இல்லாவிட்டாலும் தேங்கும்: புரதம் கிடைக்காத குழந்தை வயிறு வீங்கி ஈரல் பெருத்து வருவது இதனால். மதுசாரம் வரவையும் கெடுக்கும், அனுப்புவதையும் கெடுக்கும். காபன் நாற்குளோரைட்டு என்ற கரைப்பானின் நஞ்சில் அரை மணி நேரத்துக்குள் புரதத் தொகுப்பு குறைந்துவிடும். முதல் படியில் இரைபோசோம் கழன்று விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? சாக்குத் தைப்பவர்களே போய்விட்டார்கள். அதனால் அங்கே வீக்கமும் கொழுப்பும் ஒரே கலத்தில் அடுத்தடுத்து வரும்.

பெருந்துளியும் சிறுதுளியும் ஒன்றில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மதுசாரம், பருமன், நீரிழிவு என்றால் பெரும்பாலும் பெருந்துளி. கர்ப்பகாலத்தில் திடீரென்று வரும் கொழுப்பீரல், குழந்தைகளுக்கு வரும் ரேயின் நோய் போன்றவற்றில் கரு நடுவில் இருக்க, நுரைபோல் சிறுதுளிகள் நிறைந்திருக்கும். பார்வைக்கு அது மென்மையாகத் தோன்றும். நோயாளிக்கு அதுவே ஆபத்தானது.

இதயத்தில் கொழுப்பு மாற்றம் வந்தால் வேறொரு காட்சி. கடும் இரத்தசோகை நெடுநாள் இருந்தவரின் இதய உட்சுவரில் மஞ்சள் பட்டையும் செம்பழுப்புப் பட்டையும் மாறி மாறி ஓடும், புலித்தோல் போல.

ஹயலின் மாற்றம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பாக, கண்ணாடிபோல் ஒருசீராகத் தெரியும் எதையும் அப்படி அழைக்கிறார்கள். அது தோற்றத்தின் பெயர், நோயின் பெயரில்லை. சிறுநீரில் புரதம் போகும்போது அண்மைக் குழாய்க்கலங்களில் தெரியும் இளஞ்சிவப்புத் துளிகள் மட்டும் நம் தலைப்புக்குள் வரும். புரதம் போவது நின்றால் அவையும் மறையும்.

ஆறாம் படி: கோழிக்கடைக்குப் போங்கள்

நுணுக்குக்காட்டி இல்லாதவர்களுக்கும் இது முடியும். சந்தையில் கோழிக்கடைக்காரரிடம், "அண்ணை, முட்டை இட்டு முடித்த கிழட்டுக் கோழியின் ஈரல், மஞ்சளாக இருப்பது ஒன்று, சிவப்பாக இருப்பது ஒன்று வேண்டும்" என்று கேளுங்கள். அவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். வாங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து வெட்டுங்கள். மஞ்சள் ஈரல் பருத்து, ஓரம் மழுங்கி, விரலால் அழுத்தினால் எளிதில் நைந்துபோகும். கத்தியில் எண்ணெய் ஒட்டும். கொழுப்பு மிகுந்திருந்தால் வெட்டிய துண்டு தண்ணீரில் மிதக்கும், சிவப்புத் துண்டு தாழும். மனித ஈரல் சாதாரணமாக 1,400 முதல் 1,600 கிராம். கடுமையான கொழுப்பு மாற்றத்தில் 3 கிலோவையும் தாண்டும். பிரேத பரிசோதனை மேசையில் இதையேதான் பார்ப்பார்கள், அளவு மட்டும் பெரிது.

சிவப்பு ஈரலில் ஒரு துண்டை வெளியில் பாத்திரத்தில் மூடி வைத்து, இன்னொன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் ஒப்பிட்டால் தன்செரிப்பும் புரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தத் துண்டைப் பூனைக்கும் போட வேண்டாம்.

ஏழாம் படி: எழுதும் விதம்

கொப்பியில் முதலில் கண்டதை எழுதுங்கள், அதற்குக் கீழே கருதியதை எழுதுங்கள், இரண்டையும் ஒரே வரியில் போட வேண்டாம். "கொழுப்பீரல்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் உங்கள் கண் என்ன பார்த்தது என்று எனக்குத் தெரியாது, தவறு எங்கே நடந்தது என்று திருத்தவும் முடியாது. மூதூர்த் தம்பி மூன்றாவது மாதத்தில் எழுதியது இது. திருத்த ஒன்றும் கிடைக்காததால் அப்படியே தருகிறேன்:

"ஈரல். நாளங்களில் சிவப்பணுக்கள் முழுதாக உள்ளன. மையநாளத்தைச் சுற்றிய கலங்களில் ஓரம் கூரிய வட்ட வெற்றிடங்கள், பெரும்பாலான கலங்களில் ஒவ்வொன்று. கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுள்ளது, வடிவம் மாறவில்லை. கருச் சுருக்கமோ கரைவோ இல்லை. அழற்சிக்கலங்கள் இல்லை.

கருத்து: பெருந்துளிக் கொழுப்பு மாற்றமாக இருக்கலாம். உறைவெட்டு செய்யப்படவில்லை."